லொகேஷன் பார்க்க வந்தவர்கள்

எண்ணூருக்கு கேமராவோடு வருகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. சாம்பல் படிந்த தண்ணீர், பின்னால் வரிசையாகப் புகைபோக்கிகள், தலைக்கு மேல் மின்சாரக் கம்பிகள். இப்படி ஒரு செட் போட எவ்வளவு செலவாகும்? இங்கே ஓசி. தமிழ் சினிமாவில் ரவுடி பிறக்க வேண்டுமென்றால் காசிமேடு, யாரையாவது கடத்திக்கொண்டு போய் அடிக்க வேண்டுமென்றால் ராயபுரம் பக்கம் ஒரு கோடவுன். டூயட்டுக்கு மட்டும் சுவிட்சர்லாந்து!

போகட்டும். சினிமாக்காரர்களைத் திட்டுவது சுலபம். இன்று நான் திட்ட உட்கார்ந்திருப்பது உங்களையும் என்னையும்.

2017 ஜனவரியில் ஒரு பாட்டு வெளிவந்தது. ‘சென்னை பொறம்போக்கு பாடல்’. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடியது. ரதீந்திரன் பிரசாத் படம் பிடித்தார். மியூசிக் அகாடமி மேடையில் பட்டு ஜிப்பாவோடு உட்கார வேண்டிய வித்வான், எண்ணூர் கழிமுகத்தில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். ஆனந்தபைரவியில் ஆரம்பித்து ராகமாலிகையாகப் போகும் பாட்டு. பாஷை மட்டும் மெட்ராஸ் பாஷை. மனுஷர் கடமைக்குப் பாடவில்லை. கண்ணும் கையும் சேர்ந்து பாடின. கச்சேரியில் நல்ல தனியாவர்த்தனம் வந்தால் அவர் முகத்தில் தெரியுமே ஓர் உற்சாகம், அதே உற்சாகம் சாம்பல் மேட்டிலும் தெரிந்தது.

பொறம்போக்கு என்பது இன்றைக்கு வசவு. வருவாய்த் துறைக் கணக்கில் அது ஒரு நில வகை. வரி போடாத, யாருக்கும் பட்டா கிடையாத, எல்லோருக்கும் பொதுவான ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், ஆற்றங்கரை. பொதுச் சொத்தைக் குறிக்கும் சொல்லை நாம் வசவாக்கினோம். அப்புறம் அந்த நிலத்தையே குப்பை மேடாக்கினோம். பாட்டின் சாரம் இதுதான்.

சரி, கேட்டுவிட்டு நாம் என்ன செய்தோம்?

ஒரு கோஷ்டி, கர்நாடக சங்கீதத்தில் மெட்ராஸ் பாஷை வரலாமா என்று சண்டை போட்டது. இன்னொரு கோஷ்டி ‘புரட்சி’ என்று கைதட்டியது. பேகடா சுத்தமாக இருந்ததா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. நான் நாலு பேருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டுத் தூங்கப் போனேன். அவர் பின்னால் தெரிந்த சாம்பல் யாருடையது என்று எத்தனை பேர் கேட்டோம்?

அது அரசாங்கத்தின் சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையம் தொண்ணூறுகளில் உற்பத்தியைத் தொடங்கியது. நிலக்கரியை எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடையும், ஒழுகும். ஒழுகுவது கொசஸ்தலை ஆற்றுக்குள் போகும். ஆறு தூர்ந்துபோனால் படகு தரை தட்டும். இறால் போகும், நண்டு போகும். காட்டுக்குப்பத்து மீனவர்கள் இதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ராகம் பாட வராது, அதனால் நமக்குக் காது கேட்கவில்லை.

அந்த நிலையத்தின் மின்சாரம் நம் எல்லோருக்கும்தான் வருகிறது. மார்கழியில் சபாவில் ஏ.சி.யும் மைக்கும் ஓடுகிறதே, அதிலும் ஒரு பங்கு இங்கிருந்து வந்திருக்கும்.

‘எண்ணூருக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்று அப்போது கேட்டவர்களுக்கு ஒரு தகவல். தியாகராஜ சுவாமிகள் தம் சீடர் வீணை குப்பையர் அழைத்து திருவொற்றியூருக்கு வந்தவர். அங்கே திரிபுரசுந்தரி மேல் ஐந்து கிருதிகள் பாடினார். நாம் வடிவுடையம்மன் என்கிறோமே, அதே அம்மன். திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்று அவற்றை இன்றைக்கும் மயிலாப்பூரில் பாடுகிறார்கள். திருவொற்றியூரில் ரயில் ஏறினால் எண்ணூர் மூன்றாவது ஸ்டேஷன். சங்கீதம் இங்கே புதுசாக வரவில்லை ஐயா. இங்கிருந்து கிளம்பித் தெற்கே போய், திரும்பி வர மறந்துவிட்டது.

பாட்டு வந்த அதே ஜனவரி, 28-ம் தேதி. எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியது. கடற்கரையில் அதை வாளியில் அள்ளினார்கள். ஆமாம், வாளியில். வாளி போட்டோ ஊரெல்லாம் சுற்றியது, சிரித்தோம்.

அக்டோபரில் கமல்ஹாசன் கழிமுகத்தைப் பார்க்க வந்தார். மறுபடி கேமராக்கள். அதே வருஷம் சூழல் ஆர்வலர்கள் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். 1996-ல் அங்கீகரித்த கடலோர வரைபடத்தில் இருந்த கழிமுகம், பிறகு அதிகாரிகள் பயன்படுத்திய வரைபடத்தில் இல்லை என்றார்கள். கிணற்றைக் காணோம் என்று வடிவேலு புகார் கொடுத்தபோது சிரித்தோமே, இங்கே காணாமல் போனதாகச் சொன்னது ஆற்றின் முகத்துவாரம். அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? கமல் வந்தது ஞாபகம் இருக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் வெள்ளத்தோடு கழிமுகத்துக்கு வந்தது. மீனவர்கள் மக்கில் அள்ளினார்கள். வாளியிலிருந்து மக்குக்கு முன்னேறியிருந்தோம்! எண்ணெயில் முக்கியெடுத்த கூழைக்கடாக்களின் படம் பத்திரிகைகளில் வந்தது. அபாரமான படங்கள்தான், மறுக்கவில்லை. அந்த மாசமே 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் அமோனியா குழாய் கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

மூன்று மாசம் கழித்து மியூசிக் அகாடமி கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்தது. வாரக்கணக்கில் சண்டை. பெரியார் வந்தார், சாதி வந்தது, மரபு வந்தது, கோர்ட் வந்தது. கிருஷ்ணாவை ஏசியவர்களும் தாங்கியவர்களும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எல்லாவற்றையும் படித்தேன். நான் படித்தவரை, பெரிதாகப் பேசப்படாத ஒரே விஷயம் அவர் உட்கார்ந்து பாடிய அந்தச் சாம்பல்.

கிருஷ்ணா மேலும் ரதீந்திரன் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. இடத்தின் பெயரைச் சொல்லி, அந்த இடத்தைப் பற்றியே பாடி, அதைப் படம் பிடித்தார்கள். அதைக்கூட நாம் ‘சூப்பர் லொகேஷன்’ என்று பார்த்ததுதான் என் வயிற்றெரிச்சல். கேமராவில் சாம்பல் பனி மாதிரி அழகாகவே தெரியும். மூக்குக்குள் போனால்தான் அது சாம்பல்.

சபா செயலாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற மார்கழியில் ஒரே ஒரு சாயங்காலக் கச்சேரியைக் காட்டுக்குப்பத்தில் வையுங்கள். கேண்டீன் வேண்டாம், நண்டுக் குழம்பு கிடைக்கும், நண்டு கிடைத்தால். ரசிகர்களுக்குத் தூரம் என்று சொல்லாதீர்கள். மெட்ரோ 2021-லிருந்தே விம்கோ நகர் வரை ஓடுகிறது. அங்கிருந்து ஆட்டோதான்.