வாங்குபவர் கண்ணும் முதல் போட்டவர் கண்ணும்

மாதா கோவில் திருவிழாவிலே ஒரு கடை போடப்பட்டிருக்கிறது. பொருள் வாங்க வருகிறவர், "இது நாள்பட உழைக்குமா?" என்று கேட்கிறார். அந்தக் கடைக்கு முதல் போட்டவர், "இன்று எவ்வளவு விற்றது?" என்று கேட்கிறார். இருவரும் பார்ப்பது ஒரே கடையைத்தான். ஆனால் இருவர் கண்ணுக்கும் தெரிவதென்னவோ இரண்டு வேறு கடைகள்! இந்தச் சிறிய உண்மையைப் பெரிய கம்பெனிகளின் விஷயத்தில் நாம் மறந்துவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்பும் கருத்தாகும்.

எங்கள் வகுப்பிலே ஒரு நாள் பொருளியல் பாடம் முடிந்த பிறகு ஒரு வாக்குவாதம் எழுந்தது. "ஐபோன்தான் உலகத்திலேயே சிறந்த கைபேசி. ஆகவே ஆப்பிள் கம்பெனியின் பங்கை வாங்கியவர் ஒருநாளும் ஏமாறமாட்டார்" என்றனர் ஒரு சாரார். "பங்கு விலை ஏறிக்கொண்டே போகிறதே, அதுவே பொருள் நல்லது என்பதற்கு அத்தாட்சி" என்றனர் மற்றொரு சாரார். மணி அடித்துவிட்டது, வாதம் முடியவில்லை. பிறகு நாங்கள் அந்தக் கம்பெனியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்தபோது இரு சாராரும் தவறு என்று தெரிய வந்தது.

ஆப்பிள் கம்பெனி 1976 ஏப்ரல் முதல் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக் ஆகிய இருவரோடு ரொனால்டு வேய்ன் என்பவரும் கூட்டாளியாகச் சேர்ந்தார். அவருக்குப் பத்து சதவிகிதப் பங்கு. ஆனால் கடன் ஏற்பட்டால் தம் தலையில் விழுமே என்று அஞ்சி, பன்னிரண்டு நாட்களிலேயே 800 டாலருக்குத் தம் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டார்! 1980 டிசம்பர் 12-ஆம் தேதி ஒரு பங்கு 22 டாலர் என்று பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோதோ, மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகள், "இது மிகவும் அபாயமான முதலீடு" என்று கூறித் தங்கள் மாநிலத்தாருக்கு அதை விற்கவே அனுமதிக்கவில்லை. அன்று வாங்கிய ஒரு பங்கு, பிறகு ஐந்து முறை பிரிக்கப்பட்டு, 2020-இல் 224 பங்குகளாகப் பெருகி நின்றது. விவரம் தெரிந்தவர்களின் கணிப்பும் இப்படித் தவறக்கூடும் அல்லவா?

அப்படியானால் எப்போதும் ஏற்றம்தானா என்றால், அதுவும் இல்லை. 1997-ஆம் ஆண்டில் இக்கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தது. போட்டியாளரான மைக்ரோசாப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்து கைகொடுக்க வேண்டியிருந்தது. மற்றொரு கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவரான மைக்கேல் டெல், "நானாக இருந்தால் கம்பெனியை மூடிவிட்டுப் பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவேன்" என்னும் பொருள்படப் பேசினார். ஆனால் அந்த இருண்ட நாட்களிலும் ஓவியர்களும் அச்சுத் தொழில் செய்வோரும் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரை விட்டுப் பிரிய மனமில்லாமல் இருந்தார்கள். பங்குதாரர் கைவிட்ட வேளையிலே உபயோகிப்பவர் கைவிடவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் "ஜி4 கியூப்" என்னும் கம்ப்யூட்டர் வெளிவந்தது. கனசதுரப் பெட்டி போன்ற அதன் அழகைப் பாராட்டாதவர் இல்லை. நியூயார்க் நகரின் நவீன கலைக் காட்சியகமே அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் விலையோ 1,799 டாலர்! பாராட்டியவர்கள் பலர், வாங்கியவர்கள் சிலர். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில், எதிர்பார்த்த லாபம் வராது என்று கம்பெனி அறிவித்ததும், ஒரே நாளில் பங்கு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அழகான பொருள், ஆனால் அழுத பங்குதாரர்! அடுத்த ஆண்டு அக்டோபரிலே அதே கம்பெனி ஐபாட் என்னும் பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து மறுபடியும் எழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2007-இல் ஐபோன் வந்தபோது, விலை அதிகம், எழுத்துப் பொத்தான்கள் இல்லை என்று மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் சிரித்தார். மக்களோ ஜூன் 29-ஆம் தேதி கடைவாசலில் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆனால் 599 டாலருக்கு விற்ற போனின் விலையை, இரண்டே மாதம் கழித்து செப்டம்பரில் 399 டாலராகக் குறைத்துவிட்டார்கள். அன்பினால் முதலில் ஓடி வந்து வாங்கியவர்களே அதிக விலை கொடுத்தவர்கள் ஆனார்கள். அவர்கள் கோபத்தோடு முறையிட்ட பிறகு, ஸ்டீவ் ஜாப்ஸ் மன்னிப்புக் கேட்டு, கடையில் செலவழிக்க 100 டாலர் சலுகை வழங்கினார். வாங்குபவர் வாய் திறந்தால் பலன் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

இவை எல்லாவற்றிலும் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது பேட்டரியின் கதைதான். பேட்டரி தேய்ந்துபோன பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருப்பதற்காக அவற்றின் வேகத்தைத் தான் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவில்லையே என்று மக்கள் கொதித்தனர். ஆகவே 79 டாலராக இருந்த புது பேட்டரி மாற்றும் கட்டணம், 2018-ஆம் ஆண்டு முழுவதும் 29 டாலராகக் குறைக்கப்பட்டது. வாங்கியவர்களுக்கு நல்ல காலம்! பழைய போனே புதியதுபோல் ஓடிற்று. ஆனால் 2019 ஜனவரி 2-ஆம் தேதி கம்பெனித் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்றார். சீனாவில் விற்பனை மந்தமானதே முக்கிய காரணம். அதோடு கூட, குறைந்த கட்டணத்தில் பலர் பேட்டரியை மாற்றிக்கொண்டதையும் ஒரு காரணமாக அவர் குறிப்பிட்டிருந்தார். மறுநாளே பங்கு விலை ஏறக்குறைய பத்து சதவிகிதம் சரிந்தது.

தோழியரே, இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு தாய் தன் பழைய போனைப் பழுது பார்த்து இன்னும் இரண்டு ஆண்டுகள் உபயோகித்தால் அது சிக்கனம். அதே செயல் பங்கு மார்க்கெட்டிலே கெட்ட செய்தி! அன்று பங்கு பத்து சதவிகிதம் விழுந்ததால், யாருடைய கையிலிருந்த போனாவது பத்து சதவிகிதம் கெட்டுப்போயிற்றா? இல்லையே! அவ்வாண்டு முடிவதற்குள் பங்கு விலை விழுந்ததைவிட மிக உயரத்துக்கு ஏறிற்று. அப்போதும் கையிலிருந்த போன் தானாகச் சிறந்துவிடவில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நிறுவனம் 2016 முதல் ஆப்பிள் பங்குகளை வாங்கிக் குவித்தது. அவரோ 2020-ஆம் ஆண்டு வரை மடக்கும் பழைய போனைத்தான் தம் கையில் வைத்திருந்தார்! ஆகவே பங்கை வாங்குவது வேறு, பொருளை விரும்புவது வேறு என்று தெளிவாகிறது.

ஆனால் இன்று இவ்விரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. பங்கு வைத்திருப்பவர் அந்தப் பொருளை ஊரெல்லாம் புகழ்கிறார். மாட்டைச் சந்தைக்கு ஓட்டி வந்தவன் அதன் பாலைக் குறை சொல்வானா? அதுபோலப் பொருளை விரும்புகிறவர், விருப்பத்தையே கணக்கு என்று நம்பி, சேமிப்பைக் கொண்டுபோய்ப் பங்கிலே போடுகிறார். யார் எதைச் சொன்னாலும் அதிலுள்ள உண்மையை ஆராய்ந்து பார்ப்பதுதான் அறிவு என்று வள்ளுவர் நமக்குக் கற்பித்திருக்கிறார். புகழ்ச்சியைக் கேட்கும்போது, புகழ்கிறவருக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்பது குற்றமன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாங்குபவர், முதல் போட்டவர் ஆகிய இருவர் கண்ணிலும் படாத மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர்தாம் அந்தப் பொருளைச் செய்பவர். அவர் எங்கோ இல்லை. நம் அருகிலேயே இருக்கிறார். சென்னைக்கு அடுத்த ஸ்ரீபெரும்புதூர் பகுதியிலுள்ள பாக்ஸ்கான் ஆலையிலே 2019 முதல் ஐபோன்கள் இணைக்கப்படுகின்றன. அங்கு வேலை செய்வோரில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பை முடித்த இளம் பெண்கள், அதாவது நம்மைவிடச் சில ஆண்டுகளே மூத்த அக்காமார். 2021 டிசம்பரில் அவர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைத் தன் கண்காணிப்பில் வைத்தது. பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியைத் தமிழக அரசு திறந்து வைத்தது ஆறுதலான செய்தி. ஆனால் அந்தச் சகோதரிகள் சாலைக்கு வரும்வரை, போனைப் பற்றியும் பங்கைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னவர்களில் எத்தனை பேர் அவர்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்?

நம் திருச்சபை இதைப் பற்றி வாளாவிருக்கவில்லை. 1891-ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தம் சுற்றுமடலில் தொழிலாளியின் நியாயமான கூலியையும் மனித மாண்பையும் வலியுறுத்தினார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற பாப்பரசர் பதினான்காம் லியோவும், அந்தச் சுற்றுமடலை நினைவுகூர்ந்தே அப்பெயரைத் தெரிந்துகொண்டதாகவும், இன்றைய புதிய இயந்திர அறிவின் காலத்திலும் உழைப்பின் மாண்பு காக்கப்பட வேண்டும் என்றும் கூறியிருக்கிறார்.

"முதல் போடுகிறவர் இல்லையென்றால் ஆலை ஏது? வேலை ஏது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாங்கள் முதலீட்டைக் குறை சொல்லவில்லை. நற்செய்தியிலே தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியன் பாராட்டப்படவில்லை என்பதை நாங்களும் மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். ஆனால் அந்த உவமையிலே எஜமான் திரும்பி வந்து கணக்குக் கேட்டார் என்பதையும் சேர்த்தே கற்றிருக்கிறோம். எவ்வளவு லாபம் என்பது கணக்கின் ஒரு பாதி. அது எப்படி வந்தது என்பது மறுபாதி.

அன்பார்ந்த பெற்றோர்களே, தோழியரே! நாளை நாம் ஒரு போனை வாங்கலாம். சம்பாதிக்கும் காலத்தில் ஒரு பங்கையும் வாங்கலாம். வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இந்தப் பொருள் நமக்கு உண்மையிலேயே தேவையா, நாள்பட உழைக்குமா? இதைப் புகழ்கிறவர் தம் பணத்தைக் காக்கப் பேசுகிறாரா, நம் நன்மைக்குப் பேசுகிறாரா? இதைச் செய்த கைகளுக்கு இன்றிரவு நல்ல உணவும் நிம்மதியான உறக்கமும் கிடைக்குமா? முதல் கேள்வியை வாங்குபவர் கேட்பார். இரண்டாவதைப் புத்தியுள்ள முதலீட்டாளர் கேட்பார். மூன்றாவதைக் கேட்க ஒருவரும் இல்லையென்றால், அதை நாம் கேட்போம். கேட்கக் கற்றுக்கொள்ளத்தானே நாம் பள்ளிக்கு வருகிறோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி