வீட்டு யந்திரத்துக்கு யார் எஜமான்?

ஹாலில் சினிமா ஓடுகிறது. சமையலறையில் பாட்டு கேட்கிறது. மாடியறையில் ஒருவர் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று இடங்களுக்கும் ஒலியை அனுப்புவது ஹாலின் மூலையில் உள்ள ஒரே பெட்டிதான். அதற்கு ‘ரிஸீவர்’ என்று பெயர். அது ஒலி அனுப்பும் ஒவ்வோர் இடத்தையும் ‘ஸோன்’ என்று குறிப்பிடுகிறார்கள்.

படம் முடிகிறது. ஹாலில் இருப்பவர் கைபேசியில் ‘நிறுத்து’ என்ற பொத்தானைத் தொடுகிறார். சமையலறைப் பாட்டும் மாடிச் செய்தியும் அதோடு நின்றுவிடுகின்றன! பெட்டி பழுதாகவில்லை. கம்பியும் அறுபடவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வீடுகளில் நேரும் சில்லறைத் தொல்லை இது. ஆனால் இதைத் துருவிக்கொண்டு போனால், பணம் கொடுத்து வாங்கிய யந்திரத்துக்கு உண்மையில் யார் எஜமான் என்ற பெரிய கேள்வியில் போய் முடிகிறது.

ஒரு சொல்லில் வந்த வினை

ரிஸீவரைச் செய்வது ஒரு கம்பெனி. விளக்கு, திரை, டெலிவிஷன், ரிஸீவர் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுச் சாதனத்தைச் செய்வது வேறொரு கம்பெனி. இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பாஷை வேண்டும்.

ஜப்பானில் தோன்றிய டெனான் கம்பெனி, தன் ரிஸீவர்களுக்கு உரிய உத்தரவுகளைப் பட்டியலாகவே வெளியிட்டிருக்கிறது. ‘பி.டபிள்யூ.’ என்று தொடங்கும் உத்தரவு பெட்டி முழுவதையும் சேர்ந்தது. ‘இஸட்.எம்.’ என்பது பிரதான அறைக்கு மட்டும் உரியது. ‘இஸட் 2’ என்பது இரண்டாவது இடத்துக்கு உரியது. வீட்டின் நெட்வொர்க் வழியாக இந்தச் சுருக்கெழுத்துக்களை அனுப்பினால் பெட்டி கீழ்ப்படிகிறது.

படம் முடிந்ததும் அறைக்கு உரிய உத்தரவை அனுப்பவேண்டிய இடத்தில், பெட்டிக்கு உரிய உத்தரவை யாரோ எழுதிவைத்துவிட்டார். அதனால்தான் வீடு முழுவதும் மௌனமாயிற்று. சொல்லை மாற்றினால் தொல்லை தீர்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியல் பகிரங்கமாக இருந்ததனால்தான் தவற்றைக் கண்டுபிடிக்கவே முடிந்தது.

கேட்டால் மட்டும் போதாது

தூரத்திலிருந்து உத்தரவிடும் ஆசை புதியதல்ல. அமெரிக்காவின் ஜெனித் கம்பெனியில் ராபர்ட் அட்லர் உருவாக்கிய ‘ஸ்பேஸ் கமாண்ட்’ என்ற கருவி 1956-ல் விற்பனைக்கு வந்தது. காதுக்குக் கேட்காத ஒலி அலைகளைக் கொண்டு அது டெலிவிஷனை இயக்கியது. பின்னர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அந்த இடத்தைப் பிடித்தது.

இவை எல்லாம் ஒருவழிப் பேச்சு. உத்தரவு போகும், பதில் வராது. குறுக்கே ஒருவர் நடந்துபோய் ஒளி தடைப்பட்டால், பெட்டி உறங்கிக்கொண்டே இருக்கும்; ரிமோட்டோ அது விழித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். அதற்குப் பின் அழுத்தும் பொத்தான் ஒவ்வொன்றும் தலைகீழாக வேலை செய்யும்.

1960-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ‘ஆர்.எஸ். 232’ என்ற கம்பி இணைப்பு முறை, பிற்காலத்தில் ரிஸீவர்களின் முதுகிலும் இடம் பெற்றது. அதில் பெட்டி பதிலும் சொல்லும். “இரண்டாவது அறை ஓடுகிறது, ஒலி அளவு இவ்வளவு” என்று அது தெரிவித்தால்தான் கட்டுப்படுத்தும் சாதனம் குருட்டுத்தனமாக நடக்காமல் இருக்கும். இன்று அதே வேலையைப் பெரும்பாலும் வீட்டு நெட்வொர்க் செய்கிறது. கிரெஸ்ட்ரான், கன்ட்ரோல்-4 போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் இதை வைத்தே தொழிலை வளர்த்தன. அவற்றின் சாதனங்களைத் தேர்ச்சி பெற்ற வியாபாரிகள் வந்து பொருத்தித் தருகிறார்கள். அவ்வளவு செலவு செய்ய இயலாதவர்களுக்கு, 2013-ல் பௌலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்ற இலவச மென்பொருள் கை கொடுக்கிறது.

டெலிவிஷனையும் ரிஸீவரையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பிக்குள்ளேயே ‘சி.இ.சி.’ என்றொரு பாஷை ஓடுகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். கம்பியால் பிணைந்த பெட்டிகள் ஒன்றை ஒன்று எழுப்பவும் உறங்கவைக்கவும் அது உதவும். ஆனால் பல அறைகள் என்ற எண்ணத்துக்கே அதில் இடமில்லை.

உத்தரவு சரியாகப் போய்ச் சேர்ந்தும் ஒலி வராத சந்தர்ப்பமும் உண்டு. பழைய ரிஸீவர்கள் பலவற்றில், எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் ஒலி பிரதான அறைக்கு மட்டுமே போகும். இரண்டாவது அறைக்குத் தனியாகப் பழைய மாதிரிக் கம்பி இழுத்தாக வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லாவிட்டால், வாங்கியவர் கட்டுப்பாட்டுச் சாதனத்தை வீணாகக் குறை கூறுவார்.

இரண்டு முடிவுகள்

யந்திரத்தின் பாஷை தெரிந்தால் போதுமா? உத்தரவு எந்த வழியாகப் போகிறது என்பது அதைவிட முக்கியம். இரண்டு சம்பவங்கள் இதை விளக்கும்.

‘ரிவால்வ்’ என்ற அமெரிக்கச் சாதனம் 300 டாலர் விலையில் விற்பனையாயிற்று. பல கம்பெனிகளின் வீட்டுச் சாதனங்களை ஒன்றுசேர்ப்பது அதன் வேலை. கூகிளுக்குச் சொந்தமான நெஸ்ட் ஸ்தாபனம் 2014-ல் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டது. வீட்டில் இருந்த பெட்டி உடையவில்லை, தேயவில்லை. ஆனால் அதன் மூளை வெகு தொலைவில் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தது. அங்கே விளக்கை அணைத்ததும் இங்கே பெட்டி வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டது.

மற்றொன்று ஜப்பானில் நடந்தது. ரிஸீவர்களுக்குப் பெயர் பெற்ற ஆங்கியோ ஹோம் என்டர்டெயின்மென்ட் கம்பெனி, 2022 மே மாதத்தில் ஒசாகாவில் திவால் மனு கொடுத்தது. அதற்கு முன்பே அந்தப் பெயர் வேறு கைகளுக்கு மாறியிருந்தது; புதிய ரிஸீவர்களும் வந்தன. இதற்கிடையில் பழைய பெட்டிகளின் கதி என்ன? அவை வீட்டு நெட்வொர்க்கில் வரும் உத்தரவை நேரடியாகவே கேட்பவை. ஆகவே கட்டுப்பாட்டுச் சாதனம் அனுப்பும் ஒலி உத்தரவுக்கு, கம்பெனி இருந்தபோது கீழ்ப்படிந்தது போலவே பின்னும் கீழ்ப்படிய முடிந்தது.

ஒரு கம்பெனியைப் பணக்கார ஸ்தாபனம் வாங்கியது. அதன் பெட்டி செத்தது. இன்னொரு கம்பெனி திவாலாயிற்று. அதன் பெட்டி பிழைத்தது. உத்தரவு போகும் வழியைப் பொறுத்ததே இந்த வித்தியாசம்.

பூட்டா, சுவரா?

உற்பத்தியாளர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டு நெட்வொர்க்கில் வரும் உத்தரவைக் கடவுச்சொல் கேட்காமலே ஏற்கும் ரிஸீவர்கள் உண்டு. நெட்வொர்க்குக்குள் நுழைந்துவிட்ட அந்நியன் அதைத் தன் இஷ்டப்படி ஆட்டலாம். ஆகவே வெளி உத்தரவுகளை அடைத்துவிடுவதே பாதுகாப்பு என்று வாதாடலாம்.

திருடனுக்குப் பயந்தால் கதவுக்குப் பூட்டுப் போடவேண்டும்; சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கவேண்டும். வாசலையே சுவர் வைத்து அடைத்தால் குடியிருப்பவர் எப்படி நுழைவார்? வீட்டுக்காரரின் அனுமதி பெற்ற சாதனத்தை மட்டும் ஏற்கும் முறை ஒன்றும் அசாத்தியமல்ல. பல கம்பெனிகள் சேர்ந்து 2022 அக்டோபரில் வெளியிட்ட ‘மேட்டர்’ என்ற பொதுமுறை அந்த வழியில் அமைந்ததுதான். ஆனால் விளக்கு, பூட்டு, டெலிவிஷன் முதலியவற்றுக்கு இடம் கொடுத்த அதன் முதல் பதிப்பில், பல அறை ரிஸீவருக்கென்று தனி வகுப்பு இல்லை.

சட்டம் எட்டிய தூரம்

சர்க்கார்களும் மெல்ல விழித்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2024 நவம்பரில் 184 நெட்வொர்க் சாதனங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. மென்பொருள் ஆதரவு எத்தனை காலம் நீடிக்கும் என்பதை அவற்றில் ஏறக்குறைய 89 சதவீதத்தின் இணையதளங்கள் தெரிவிக்கவில்லை! பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-ல் அமுலுக்கு வந்த சட்டம், பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் குறைந்தபட்சக் காலத்தை உற்பத்தியாளர் அறிவித்தே தீரவேண்டும் என்கிறது. ஐரோப்பிய யூனியன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும்.

இவை வரவேற்கத் தக்கவையே. ஆனால் இவை காலக்கெடுவையும் பாதுகாப்பையும் கவனிக்கின்றனவே தவிர, யந்திரத்தின் பாஷையைப் பட்டியலாக வெளியிடு என்று கட்டளையிடவில்லை. அந்த இடைவெளியை அடைக்கும் வரை, வாங்குவோரின் விழிப்புத்தான் சட்டம்.

கடையில் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்பது நலம். உத்தரவுப் பட்டியல் வெளியிடப்பட்டிருக்கிறதா? இன்டர்நெட் அறுந்தாலும் வீட்டுக்குள் உத்தரவு செல்லுமா? ஒவ்வோர் அறைக்கும் தனி உத்தரவும் தனிப் பதிலும் உண்டா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற பதில் வந்தால், வாங்குபவர் வீட்டுக்கு ஒரு யந்திரத்தைக் கொண்டுபோகிறார். வராவிட்டால் அவர் கொண்டுபோவது வெறும் பெட்டி. அதன் கடிவாளம் கம்பெனியின் கையிலேயே இருக்கும்.