கோப்பின் பெயரும் ஆய்வின் நேர்மையும்

கோலார் தங்கவயலுக்கு அருகிலுள்ள பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர். தமிழில் பூதிகோட்டை, கன்னடத்தில் பூதிகோட்டே. ஆங்கில எழுத்திலோ ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள். இவ்வூரைப் பற்றிய மக்கள்தொகை, நிலப்பயன்பாட்டு அட்டவணைகளைத் திரட்டும் ஆய்வாளரிடம் ஒரே ஊரின் கோப்புகள் வெவ்வேறு பெயர்களில் குவிவது இயல்பு. அவற்றை ஒன்றிணைக்கும் எக்செல் மேக்ரோவை எழுதுவது வெறும் தொழில்நுட்ப வேலையன்று. ஆய்வு நெறி சார்ந்த செயல் என்பதே என் கருத்து.

மேக்ரோவைப் பதிவுசெய்யும்போது வேறொரு கோப்புக்கு மாறினால், அக்கோப்பின் பெயர் அப்படியே நிரலில் பதிந்துவிடுகிறது. அப்பெயருடைய கோப்பு திறந்திராத வேளையில் இயக்கினால் 9ஆம் எண் பிழை தோன்றி நிரல் நின்றுவிடும். பலரும் உடனே பெயரை நீக்கி 'ஆக்டிவ்ஒர்க்புக்' என்று மாற்றுகின்றனர். பிழைச்செய்தி மறைகிறது, ஆபத்து தொடங்குகிறது. அச்சொல் அந்நேரத்தில் முன்னிற்கும் கோப்பையே சுட்டும். 2001ஆம் ஆண்டுக் கோப்பு முன்னின்றால் அதன் எண்கள் 2011க்குரிய நெடுவரிசையில் அமர்ந்துவிடும். எச்சரிக்கை ஏதும் வராது. நின்றுபோகும் நிரலைவிடப் பிழையாக ஓடிமுடியும் நிரலே ஆய்வுக்குக் கேடு. இங்கிலாந்தில் 2020இல் பழைய எக்செல் வடிவத்தின் வரிசை வரம்பால் 15,841 கோவிட் தொற்றுப் பதிவுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டதும் இத்தகைய ஓசையற்ற பிழையே.

முறையான வழி கடினமன்று. மேக்ரோ அடங்கிய கோப்பை 'திஸ்ஒர்க்புக்' என்று சுட்டலாம். தரவுக் கோப்புகளை ஒரே கோப்புறையில் வைத்து, 'டிர்' கட்டளையால் ஒவ்வொன்றாகப் பெயரறிந்து, திறக்கும்போதே 'செட்' வழியாக ஒரு மாறியில் பிணைத்துக்கொள்ளலாம். பின்னர் தலைப்பு வரிசை, ஆண்டு, ஊரின் குறியீட்டெண் ஆகியவை பொருந்துகின்றனவா என்று நிரலே சரிபார்க்க வேண்டும். பொருந்தாவிடில் நிற்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு கிராமத்துக்கும் 6 இலக்கக் குறியீடு வழங்கியுள்ளது. எழுத்துக்கூட்டல் மாறினும் அது மாறாது.

எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே பாணியில் பெயர் சூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஒருவர் பணிபுரியும்போது அது போதும். ஆனால் மூலப்பெயரை அழித்தால், தரவு எங்கிருந்து வந்தது என்ற தடமும் அழியும். ஆகவே பெயரை மாற்றாமல், எடுத்த ஒவ்வொரு வரிசைக்கும் அருகில் மூலக்கோப்பின் பெயரைப் பதிவதே நன்று.

கல்வெட்டின் வாசகத்தை மேற்கோள் காட்டுவோரிடம் அது கிடைத்த இடத்தைக் கேட்கிறோம். அட்டவணையின் எண்களுக்கும் அதே கேள்வி பொருந்தும். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் தரவை ஒன்றிணைத்த மேக்ரோவும் பின்னிணைப்பாக இடம்பெறவேண்டும். நெறியாளர்கள் அதைக் கேட்டுப்பெறும் வழக்கம் துறைகளில் உருவாகவேண்டும்.