‘வலிக்காறுண்டோ?’: நெஞ்சுப் படபடப்பும் எல்லைப்புறத் தமிழும்

தேவிகுளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ நெஞ்சுப் படபடப்பு என்று மருத்துவரிடம் செல்லும் ஒரு தமிழரிடம் ‘வலிக்காறுண்டோ?’ என்று மலையாளத்தில் கேட்கப்படுவதாகக் கொள்வோம். புதிதாக மலையேறி வேலைக்கு வந்தவராயின், அவர் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். கேட்டவர் அறிய விரும்பியது அவருக்கு வலி இருக்கிறதா என்பதையன்று. பீடியோ சிகரெட்டோ இழுக்கும் வழக்கம் உண்டா என்பதை. மலையாளத்தில் வலித்தல் என்றால் இழுத்தல். வலிக்கு அங்கே வேதன. அடுத்த கேள்வி ‘நெஞ்சுவேதன உண்டோ?’ என்று வந்தால், தமிழ்க் காதுக்கு அது மனவருத்தத்தைப் பற்றிய விசாரிப்பாகப்படும். இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. இரண்டும் தாளில் ஏறிவிட்டன. புகைப்பவர் புகைக்காதவர் ஆகிவிட்டார்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தியாகத் தோன்றலாம். படபடப்பைப் பொறுத்தவரை அப்படி விட்டுவிட முடியாது. காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. எலும்பு முறிவைப் படம் காட்டிவிடும். படபடப்போ பெரும்பாலும் நோயாளி மருத்துவமனை வாசலை அடைவதற்குள் அடங்கிவிடுகிறது. அந்நேரம் எடுக்கும் இசிஜி பழுதின்றி இருக்கும். 24 மணிநேரம் உடலோடு கட்டிவிடும் ஹோல்ட்டர் கருவியும் அந்த ஒரு நாளில் நிகழ்வதையே பதியும். ஆகவே மருத்துவரிடம் மிஞ்சும் முதன்மையான கருவி கேள்விதான். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, அதற்குமுன் என்ன உண்டீர்கள், என்ன குடித்தீர்கள், எத்தனை மணிநேரம் உறங்கினீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்ற வரிசையில்தான் தூண்டும் பொருள் எது என்பது பிடிபடும். கேள்வியின் சொல் பிசகினால் கருவியே பிசகியதாகும்.

பாலக்காட்டின் கிழக்கெல்லையிலும் இடுக்கியின் மலைச்சரிவிலும் இந்தப் பிசகுக்கு இடம் அதிகம். ‘முறுக்காறுண்டோ?’ என்பது வெற்றிலைபாக்குப் போடும் வழக்கத்தைப் பற்றிய கேள்வி; தமிழருக்கு முறுக்கு தின்பண்டம். ‘பனியுண்டோ?’ என்பது காய்ச்சலைக் கேட்கிறது. காய்ச்சலும் நெஞ்சுத் துடிப்பை விரைவாக்கும் என்பதால் அது தேவையான கேள்வியே. ஆனால் மார்கழியில் மூணாறில் நின்றுகொண்டு ஒரு தமிழர் அதற்கு ‘ஆமாம், ரொம்ப’ என்று சொல்வாரேயன்றி வேறென்ன சொல்வார்? ‘வெள்ளம்’ என்பது தண்ணீர். பேச்சுவழக்கில் மதுவையும் குறிக்கும். தமிழ்ப் பக்கத்திலும் குழப்பம் இல்லாமலில்லை. தமிழ்ப் பேச்சில் தண்ணீரும் குடிப்பதுதான், டீயும் குடிப்பதுதான், பல ஊர்களில் பீடியும் குடிப்பதுதான். ‘குடிப்பீர்களா?’ என்று மொட்டையாகக் கேட்டால் மட்டும் அது சாராயத்தைப் பற்றிய கேள்வியாகி, கேட்கப்பட்டவருக்குக் கோபத்தையோ வெட்கத்தையோ வரவழைக்கிறது.

முற்றிலும் தெரியாத மொழி என்றால் இவ்வளவு ஆபத்து இல்லை. ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ தோட்ட வேலைக்கு வந்தவர் எதிரே அமர்ந்தால் தமக்குப் புரியவில்லை என்பது மருத்துவருக்கு உடனே புரிந்துவிடும். அவர் மொழிபெயர்க்க ஆளைத் தேடுவார். தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவு மொழிகள் என்பதால், புரிந்துவிட்டது என்ற நம்பிக்கை இரு பக்கமும் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. யாரும் ஆளைத் தேடுவதில்லை.

சொல்லுக்கு அப்பால் இலக்கணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ‘டீ குடிச்சுப் படபடப்பு வந்துச்சு’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். அந்த வினையெச்சம் டீ குடித்த பிறகு வந்தது என்று சொல்கிறதா, டீ குடித்ததனால் வந்தது என்று சொல்கிறதா? தமிழ் வினையெச்சம் இரண்டுக்கும் இடம் தரும். பேசுபவரும் இரண்டையும் பிரித்து எண்ணியிருக்கத் தேவையில்லை. கேட்பவர் எழுதும்போதுதான் அது ‘காரணம்: தேநீர்’ என்று ஆகிவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தமிழர் சிரித்துச் சொல்வார்கள். அந்தக் கதையை உண்டாக்கும் வாய்ப்பு தொடரமைப்பிலேயே இருப்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

இதில் தமிழரை மட்டும் குறைசொல்ல ஏதுமில்லை. அமெரிக்காவில் 2021இல் வெளியான ஓர் ஆய்வு, இடைவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறு உடைய 499 பேரை வைத்து நடத்தப்பட்டது. அவர்களில் ஒரு பிரிவினர் தத்தம் துடிப்பைத் தூண்டுவதாகத் தாம் நம்பிய ஒன்றைத் தேர்ந்து, சில நாள் அதைக் கொண்டும் சில நாள் அதைத் தவிர்த்தும் சோதித்தனர். அதிகம்பேர் தேர்ந்தது காஃபினை. சோதனையில் துடிப்புக் கோளாற்றோடு சீரான தொடர்பு காட்டியதோ மது மட்டுமே. அதே குழுவினர் 2023இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் 100 பேர் இரண்டு வாரம் சில நாள் காபி குடித்தும் சில நாள் குடிக்காமலும் இருந்தனர். இதயத்தின் மேலறையில் தோன்றும் முந்துதுடிப்புகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கீழறை முந்துதுடிப்புகள் காபி நாள்களில் சராசரி 154, காபியற்ற நாள்களில் 102. உறக்கம் அரைமணிக்கு மேல் குறைந்தது. ஆக, காபி முழுக்க நிரபராதியும் அன்று, எல்லோரும் நம்பிய அளவு குற்றவாளியும் அன்று. உறக்கம் குறைந்ததனால் மறுநாள் நெஞ்சு அடித்துக்கொண்டதா என்பது தனிக் கேள்வியாகவே நிற்கிறது.

இந்தப் பின்னணியில்தான் ‘டீயைக் குறையுங்கள்’ என்ற அறிவுரையை மலைத்தோட்டங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். தேயிலை பறிப்பவரிடம் தேயிலையைக் குற்றம் சாட்டுவது எளிது. கட்டன் சாயா அங்கே நாளின் தாளம். ஆனால் தேநீர் நெஞ்சுத் துடிப்பை இரண்டு வழியில் தொடும். காஃபின் வழி உடனே நிகழ்வது. மற்றொரு வழி மிக மெதுவானது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரின் டானின்கள் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்; நாளடைவில் இரத்தசோகைக்கு அதுவும் ஒரு கை கொடுக்கும்; இரத்தசோகை உடையவருக்கு ஏற்றத்தில் நாலடி நடந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் இரத்தசோகை உடையோர் இந்திய அளவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53, கேரளத்தில் 36. கேரளத்தின் சராசரி தரும் ஆறுதல், தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்ணுக்குப் பொருந்தாது. அவர் எந்த மாநிலக் கணக்கில் சேர்கிறாரோ தெரியாது. இரத்தப் பரிசோதனை செய்யாமல் டீயை மட்டும் நிறுத்தச் சொல்வது அவருடைய நோயைத் தள்ளிப்போடுவதாகவே முடியும்.

அப்பெண்ணின் நாளையே பார்க்கலாம். கம்பத்திலிருந்தோ போடியிலிருந்தோ விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ மலைக்கு வருகிறார். ‘காலையில் சாப்பிட்டீர்களா?’ என்றால் ‘டீ குடிச்சேன்’ என்பார். அந்த விடையில் தேநீரைவிட முக்கியமானது சாப்பிடவில்லை என்ற செய்தி. வெறும் வயிறு, குறைந்த உறக்கம், தண்ணீர் அதிகம் குடிக்காத பகல் (தோட்டத்தில் கழிவறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரைத் தவிர்ப்பதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை), நடுக்கூடையின் பாரத்தோடு ஏற்றம்: இவற்றில் எது தூண்டியது? படபடப்புக்கான அச்சிட்ட அறிவுரைத் தாள்களில் சாக்லேட்டும் சீஸும் ரெட் ஒயினும் இருக்கும். வேறொரு சமையலறையிலிருந்து வந்த பட்டியல் அது.

இந்நிலத்துக்குரிய பட்டியலில் வேறு பொருள்கள் வரும். பாக்கிலுள்ள அரெக்கோலினும் புகையிலையின் நிக்கோட்டினும் சேர்ந்து துடிப்பை ஏற்றும். ‘பாக்குச் சொக்கிவிட்டது’ என்ற வழக்கை வைத்திருக்கும் மொழிக்கு இது புதிய கண்டுபிடிப்பன்று. சித்தூர் வட்டம் கேரளத்தின் கள்ளில் பெரும்பங்கை இறக்கும் பகுதி. 1978இல் பிலிப் எட்டிங்கர் என்ற மருத்துவரும் உடன் ஆய்ந்தவர்களும் ‘விடுமுறை இதயம்’ என்று பெயரிட்ட நிலை, விடுமுறையில் மிதமிஞ்சிக் குடித்தவர்களிடம் அடுத்து வந்த நாள்களில் கண்ட துடிப்புக் கோளாறு. இங்கே கேள்வி சம்பள நாளின் மறுநாளையும் திருவிழாவின் மறுநாளையும் சுட்டிக் கேட்கப்பட வேண்டும். பாலக்காட்டின் பங்குனி வெயிலில் உடலின் நீர் வற்றுவது தனியே ஒரு காரணம். சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரை, ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால், அளவு மிகுந்த தைராய்டு மாத்திரை ஆகியவையும் நெஞ்சை அடிக்கவைக்கும். ஏலத்துக்கு மருந்து தெளித்த அன்று வியர்வையோடும் வாயில் எச்சில் ஊறலோடும் மூச்சுமுட்டலோடும் படபடப்பு வந்தால் அது உணவுக் குறிப்பேட்டுக்குரிய செய்தியே அன்று; உடனே மருத்துவமனைக்குரியது. மயங்கி விழுதல், நெஞ்சுவலி, வேலையின் நடுவே வரும் துடிப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருத்தல் ஆகியவையும் அப்படியே.

இரண்டு மொழியும் வேறுபடும் இடத்தில்தான் இடர் என்று எண்ணிவிடவும் கூடாது. ‘கேஸ்’ என்ற சொல்லில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. நெஞ்சில் எது நடந்தாலும் தமிழரும் கேஸ் என்பார், மலையாளியும் கேஸ் என்பார். ஒரு சோடாவோ இஞ்சிச்சாறோ அதைத் தீர்த்ததாகக் கருதப்படும். தானாக அடங்கக்கூடிய படபடப்பு எதைக் குடித்தாலும் அடங்கத்தான் செய்யும். பெயர் ஒத்துப்போனதால் யாரும் மேலே கேட்பதில்லை.

மொழி தடையாக மட்டும் நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படபடப்பு எப்படி இருந்தது என்று மேசைமேல் தட்டிக்காட்டச் சொல்வது மருத்துவர்கள் கையாளும் பழைய முறை. தமிழில் அந்தத் தட்டலைச் சொல்லே செய்துவிடுகிறது. படபடவென்று அடித்தது என்றால் விரைவும் தொடர்ச்சியும். திக்திக்கென்று அடித்தது என்றால் அச்சத்தோடு எண்ணக்கூடிய துடிப்பு. திக்கென்றது என்றால் ஒரே ஒரு முறை. தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றால் இடைவெளிக்குப் பின் ஓங்கி விழும் துடிப்பு. இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்ற தொல்காப்பியக் கருத்தை வகுப்பறையில் படிப்போர், ‘திக்’ தனித்து வரும்போது பொருள் மாறிவிடுவதை இங்கே கேட்கலாம். இச்சொற்களைக் கொண்டு நோயைப் பெயரிட்டுவிட முடியும் என்று யாரும் உரிமை கொண்டாட வேண்டாம். அது இசிஜியின் வேலை. ஆனால் இவையனைத்தும் ‘நெஞ்சிடிப்பு’ என்ற ஒரே சொல்லாக எழுதப்படும்போது ஒரு தகவல் வீணாகிறது. மலையாளத்தின் பரவேசமும் வெப்ராளமும் தமிழில் ஒரே ‘படபடப்பா’கச் சுருங்கும்போதும் அதே இழப்புத்தான்.

மூன்று தலைமுறையாக மூணாறில் வாழும் தமிழருக்கு மலையாளம் தெரியாதா என்ற மறுப்பு நியாயமானது. அவர்களுக்கு வலிக்காறுண்டோவும் தெரியும், அதை வைத்து நகைச்சுவை செய்யவும் தெரியும். எல்லையோர மருத்துவர்கள் பலர் நல்ல தமிழ் பேசுகிறார்கள். சிக்கல் நாள்கூலிக்கு மலையேறி வருவோருக்கும், முதியோருக்கும், அட்டப்பாடியில் தமிழுக்கு நெருக்கமான இருள மொழி பேசுவோருக்கும்தான். 1956 நவம்பர் 1க்குப் பின் தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதம் எழுதும் உரிமையைக் காத்தது. மதிப்புக்குரிய ஏற்பாடு அது. ஆனால் கடிதம் எழுதுபவருக்கு நேரம் உண்டு, அகராதி உண்டு. நெஞ்சு அடித்துக்கொள்ள நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டும் இல்லை.

ஆகவே வேண்டப்படுவது பெரிய மொழிபெயர்ப்புத் திட்டம் ஒன்றுமன்று. மருத்துவரும் மொழியியல் மாணவரும் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதக்கூடிய இருபது கேள்விகள் போதும். அவை எல்லைப்புறப் பேச்சுத்தமிழில் அமைந்து, மலையாள எழுத்திலும் அச்சாகியிருந்தால் தமிழ் படிக்கத் தெரியாத செவிலியரும் வாய்விட்டுக் கேட்கலாம். ‘குடிச்சுப் படபடப்பு வந்துச்சு’ என்பவரிடம் ‘குடிக்காத நாளிலும் வந்ததா?’ என்ற எதிர்க்கேள்வி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். குறிப்பேடு எழுத முடியாதவர்கள் வீட்டிலும் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. படபடப்பு வந்த நாளின் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, அதன் பின்புறத்தில் டீக்கு ஒரு கோடு, வெற்றிலைக்கு ஒரு புள்ளி, பட்டினிக்கு ஒரு வட்டம் என்று போடச் சொன்னால், அடுத்த முறை ஒரு கட்டுத் தாள் மருத்துவரின் மேசைக்கு வரும். வராத நாள்களின் தாளிலும் அதே குறிகளைப் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவை இல்லாமல் முதல் கட்டைப் படிக்க முடியாது.