தானியம் சிந்த வேண்டாம், நஞ்சும் வேண்டாம்

பொத்துவில் உறவுகளே,

பள்ளிவாசல் மினாராக்களிலும் கடைத்தெரு முகடுகளிலும் கூடு கட்டும் மாடப்புறாக்களைப் பற்றி ஊரோடு பேச வந்திருக்கிறோம். நாங்கள் இங்குள்ள வியாபாரிகள், விவசாயிகள், ஆசிரியர்கள், வீட்டுப் பெண்கள். புறாவுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. மக்காவின் ஹரம் எல்லைக்குள் அதை வேட்டையாடக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு பிடி அரிசி எறிகிற கை நன்மை நாடித்தான் எறிகிறது. ஆனால் புறா பெருகுவதும் அந்தப் பிடியால்தான்.

ஒரு சோடி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். 18 நாள் அளவில் பொரிக்கும். தீனி தட்டுப்பாடில்லாமல் கிடைத்தால் வருடம் முழுக்க அடுத்தடுத்து அடைகாக்கும், குறைந்தால் குஞ்சுகளும் குறையும். நிலாவெளிக்கு அப்பால் புறாத் தீவில் இந்த இனத்தின் காட்டுப் பறவைகள் பாறை இடுக்கில் வாழ்கின்றன. ஊர்ப் புறாவுக்கு நம் கட்டடங்கள்தான் பாறை.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ 100,000 புறாக்களைக் கொன்றார்கள். தொகை குறையவேயில்லை, செத்தவற்றின் இடத்துக்கு இளம் புறாக்கள் வந்துவிட்டன. 1988இல் டானியல் ஹாக்-வாக்கர்நாகல் என்ற உயிரியலாளரின் வழிகாட்டலில், தீனி போடாதீர்கள் என்று மக்களையே கேட்டார்கள். கூடவே, கண்காணிப்பில் கூண்டுகள் வைத்து முட்டைகளை எடுத்தார்கள். சுமார் 20,000 புறாக்கள் நான்கு வருடங்களில் பாதியாகின. மும்பையிலோ, 2025இல் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவை மாநகராட்சி மூடியபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. நம் ஊரில் ஆளுக்கு ஆள் மனக்கசப்பு வருவதற்கு முன்பே பேசிவிடுவோம்.

எச்சத்தை அழுக்கு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். காய்ந்து தூளானால் அதில் வளரும் பூஞ்சை மூச்சோடு நெஞ்சுக்குள் போகும். நெடுநாள் அந்தத் தூளில் இருப்போருக்கு நுரையீரல் அழற்சி வரலாம். இழைப்பு நோயுள்ள பிள்ளைகளும் வயதானவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்படலாம். அந்த எச்சம் விழக்கூடிய, கூரை நீர் பிடிக்கும் தாங்கியையும், வுழூ செய்யும் ஹவ்ழையும் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே கேட்கிறோம்: பள்ளி முற்றத்திலும் சந்தையிலும் தானியம் எறிய வேண்டாம். அந்த அரிசியை அடுப்பெரியாத வீட்டுக்குக் கொடுங்கள். வெயில் காலத்தில் வாசலில் தண்ணீர்ச் சட்டி வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளாமை வெட்டிய நாட்களில் நெல்லைப் படங்கால் மூடுங்கள், சிந்தியதை அன்றே கூட்டுங்கள். சந்தைக் கழிவைப் பிரதேச சபை திறந்து கிடக்க விடக்கூடாது. திறந்த குப்பை விலங்குகளை என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும்: நம் மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததை 2022இல் உலகமே பார்த்தது. எச்சத்தைக் கூட்டுமுன் தண்ணீர் தெளியுங்கள், மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டுங்கள்.

நஞ்சு வைப்பதும் காற்றுத் துப்பாக்கியால் சுடுவதும் கூடாது. தாய் செத்தால் கூட்டுக் குஞ்சு பட்டினியில் துடிக்கும்; நஞ்சைக் காகமும் கோழியும் தின்னும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மினாரா இடுக்குகளைக் கம்பி வலையால் அடைக்குமுன் ஏறிப் பாருங்கள். குஞ்சு இருந்தால் நாலைந்து கிழமை பொறுங்கள். அது பறந்த பிறகு அடையுங்கள்.

இவ்வண்ணம்,
பொத்துவில் ஊர்வாசிகள்