இலை அறிந்து மரம் அறிவோம்

நெய்தல் திணைக்குரிய மரங்கள் யாவை என்று வினாத்தாளில் கேட்டால், புன்னை, ஞாழல், தாழை என நம் மாணவர் தயங்காது விடை எழுதுவர். முழு மதிப்பெண்ணும் பெறுவர். அத்தகைய மாணவர் சிலருடன் அண்மையில் பழவேற்காட்டிற்குச் சென்றிருந்தேன். ஏரிக்கரையில் மீனவர் குப்பம் ஒன்றின் ஓரமாக, அடர்ந்த நிழல் தந்த ஒரு மரத்தடியில் அமர்ந்து நெய்தல் பாடல்களைப் பற்றி அரைமணி நேரம் உரையாடினோம். முடிவில், "நாம் அமர்ந்திருப்பது எந்த மரத்தின் நிழலில்?" என்று வினவினேன். விடை கூறுவார் எவருமிலர். அருகில் வலையின் கிழிசலைச் சரிசெய்து கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே, "புன்னைங்க ஐயா! எலையப் பாத்தாலே தெரியுமே" என்றார். அன்று நாணியவர் மாணவர் மட்டுமல்லர். கற்பித்த நானும் நாணினேன்.

அப்பெரியவர் கூறியது முழு உண்மை. பூவும் காயும் பருவத்திற்கே வருவன. இலையோ பெரும்பாலான மரங்களில் ஆண்டின் பெரும்பகுதியும் நம் கண்முன் நிற்பது. இலை தனித்ததா, சிற்றிலைகள் பல சேர்ந்த கூட்டிலையா? காம்பில் எதிரெதிராக அமைந்ததா, மாறிமாறி அமைந்ததா? விளிம்பு மழுங்கியதா, வாள்பல் போன்றதா? இம்மூன்று வினாக்களே போதும். பாதி மரங்கள் பிடிபட்டுவிடும்.

புன்னையிலை தடித்துப் பளபளப்பது, எதிரெதிராக அமைவது, நடுநரம்பிலிருந்து விளிம்பு வரை நுண்ணிய நரம்புகள் சீப்பின் பற்களைப் போல நெருங்கி ஓடும். அரசும் பூவரசும் நெஞ்சு வடிவ இலையுடையன. ஆயின் அரசிலையின் நுனி வால்போல் நீண்டிருக்கும், பூவரசிலைக்கு அவ்வால் இல்லை. வேம்பும் புங்கும் கூட்டிலை மரங்களே. வேம்பின் சிற்றிலை அரிவாள்போல் வளைந்து, விளிம்பில் பற்கள் கொண்டது. புங்கின் சிற்றிலையோ அகன்று, விளிம்பு வழவழப்பாய் இருப்பது.

"இது தாவரவியலார் பணியன்றோ? தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் தொல்காப்பிய மரபியலை ஒருமுறை புரட்டுதல் நலம். உள்வயிரம் உடையவற்றை மரமென்றும், புறவயிரம் உடையவற்றைப் புல்லென்றும் பிரித்து, இலை, தளிர், முறி முதலிய சொற்களை மரத்திற்கும், ஓலை, மடல், ஈர்க்கு முதலியவற்றைப் புல்லுக்கும் உரியவாக வகுத்தது அந்நூல். பனையைப் புல்லினத்தில் சேர்த்த நுண்மை வியக்கத்தக்கது. பனங்குருத்தோலையால் கூடையும் பெட்டியும் முடைகின்ற பழவேற்காட்டு இசுலாமியப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். "பனையிலை" என்று ஒருவரும் சொல்லார். ஓலை, ஈர்க்கு என்னும் இலக்கணச் சொற்கள் அவர்கள் நாவில் இயல்பாகப் புழங்குகின்றன. குருத்தோலை, சாரோலை, காவோலை எனப் பருவந்தோறும் பெயர் வேறு. மரபியலுக்கு இதனினும் சிறந்த உரை எங்குக் கிடைக்கும்?

மக்கள் நாவில் வாழும் இவ்வறிவின் மதிப்பை அயலார் முன்பே உணர்ந்தனர். பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய அதே ஒல்லாந்தக் கம்பெனியின் அதிகாரியாகக் கொச்சியில் இருந்தவர் வான் ரீடு. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவர் முதலியோரின் துணையோடு அவர் தொகுத்த 'ஓர்த்துசு மலபாரிக்கசு', 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் படங்களில் செடிகளின் பெயர்கள் மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து வந்தவர் கேட்டு எழுதிக்கொண்டதை, உடன் வாழும் நாம் கேளாதிருப்பது முறையா?

இவ்வறிவு வெறும் அழகுக்குரியதும் அன்று. உப்பங்கழியோரம் வளரும் வெண்கண்டலும் தில்லையும் தொலைவில் நின்று நோக்குவார்க்கு ஒன்றுபோலத் தோன்றலாம். வெண்கண்டலின் இலைகள் எதிரெதிரானவை, அடிப்புறம் வெளுத்திருக்கும், மேலே உப்புப் படிந்திருக்கும். தில்லையின் இலைகள் மாறிமாறி அமைந்தவை, உதிருமுன் சிவப்பவை, கிள்ளினால் பால் வடியும். அப்பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. இலையறிவு இங்கே உயிர்க்காப்பு. மேலும், பெயர் தெரியாத மரத்தை வெட்டும்போது கை கூசுவதில்லை. பெயரை இழந்த மரம் தன் காவலையும் இழந்துவிடுகிறது.

ஆகவே, தமிழ்த்துறையினர்க்கு என் வேண்டுகோள் இது: திணை இலக்கணத்தில் ஒரு வகுப்பேனும் மரத்தடியில் நடக்கட்டும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் 20 மரங்களின் இலைகளைத் தாளிடையே வைத்து உலர்த்தி ஒட்டி, அருகில் அவ்வூரார் வழங்கும் பெயரை, சொன்னவர் வாய்ச்சொல்லாகவே எழுதி வரட்டும். ஊர்ப் பெரியோர்கள், பள்ளிவாசல் முற்றத்திலும் பள்ளி வளாகத்திலும் நிற்கும் மரங்களின் பெயர்களைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும். காவோலை உதிருமுன் குருத்தோலை கேட்டுக்கொள்ள வேண்டும். பழவேற்காட்டுப் புன்னை நிழலில் நான் கற்ற பாடம் இதுவே.