மதுரைக்கு வெளிநாட்டு விமானங்கள் ஏன் வருவதில்லை? தடுப்பது ஓடுபாதையா, ஒப்பந்தத்தின் ஒரு வரியா?

சிவகங்கையில் இருந்து மதுரை விமான நிலையத்துக்குக் காரில் போனால் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் சிவகங்கைக்காரர் விடுமுறை முடிந்து கிளம்பும்போது திருச்சிக்குத்தான் வேன் பிடிக்கிறார். குவைத்துக்கோ தோஹாவுக்கோ போகிறவர் என்றால் சென்னை. இல்லாவிட்டால் திருவனந்தபுரம், கொச்சி. வழியனுப்ப வரும் குடும்பத்துக்கு வேன் வாடகை, வழிச் சாப்பாடு, ஒரு ராத்திரி தூக்கம் எல்லாம் போய்விடும். "பக்கத்துலயே ஏர்போர்ட் இருக்கு, நாம போற ஊருக்குத்தான் ப்ளேன் இல்ல" என்பது ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி என்று தென்மாவட்டங்கள் முழுக்கக் கேட்கும் பேச்சு.

இத்தனைக்கும் இந்த மாவட்டங்களில் பலருக்கு பாஸ்போர்ட் கொடுப்பது மதுரையில் உள்ள மண்டல அலுவலகம். பாஸ்போர்ட் மதுரையில், விமானம் வேறு ஊரில் என்ற இந்த முரண்பாட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்பட்டுவந்த காரணங்கள் மூன்று: ஓடுபாதை நீளம் போதாது, 'சர்வதேச விமான நிலையம்' என்ற அறிவிப்பு இல்லை, இரவில் இயங்குவதில்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால், முக்கியமான தடை இந்த மூன்றில் இல்லை.

மதுரையில் இப்போது என்ன இருக்கிறது?

பெருங்குடி பக்கம் இருக்கும் இந்த நிலையம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை பயன்படுத்திய தளம். இப்போதைய முனையக் கட்டடம் 2010இல் திறக்கப்பட்டது. 2012இல் சுங்க விமான நிலையமாக, அதாவது 'கஸ்டம்ஸ் ஏர்போர்ட்'டாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு சேவை பறந்தது. பிறகு துபாய், சிங்கப்பூர், 2025இல் அபுதாபி என்று பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.

சுங்க விமான நிலையம் என்றால் குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை இரண்டும் உண்டு. வெளிநாட்டுக்கு விமானம் போகலாம், வரலாம். 'சர்வதேச' என்ற பட்டம்தான் அப்போது இல்லை. இரவு நேரப் பிரச்சினையும் ஓரளவு தீர்ந்துவிட்டது. 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்கும் நிலையமாக மதுரை மாற்றப்பட்டது.

அப்புறம் ஏன் எமிரேட்ஸோ, ஏர் ஏசியாவோ, ஸ்கூட்டோ மதுரைக்கு வரவில்லை?

'பாயின்ட் ஆஃப் கால்' என்றால் என்ன?

ஒரு நாட்டின் விமான நிறுவனம் இன்னொரு நாட்டுக்கு நினைத்தபடி அட்டவணை போட்டுப் பறந்துவிட முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்பரப்பின் மீது முழு உரிமை உண்டு என்பதே 1944 சிகாகோ உடன்படிக்கையின் அடிப்படை. அதனால் இரண்டு நாட்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி, இருதரப்பு விமான சேவை ஒப்பந்தம் ஒன்றைப் போட்டுக்கொள்கின்றன. எத்தனை இருக்கைகள் அல்லது எத்தனை விமானங்கள், எந்தெந்த ஊர்கள் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அப்படி எழுதப்பட்ட ஊருக்குத்தான் 'பாயின்ட் ஆஃப் கால்' என்று பெயர்.

பஸ் பெர்மிட் மாதிரிதான். பஸ் இருக்கலாம், ஸ்டாண்டு இருக்கலாம், ஏறுவதற்கு ஆளும் இருக்கலாம். பெர்மிட்டில் ஊர் பெயர் இல்லையென்றால் வண்டி நிற்காது.

ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளுடன் இந்தியா போட்டிருக்கும் ஏற்பாடுகளில் மதுரையின் பெயர் இல்லை. அதனால் அந்த நாட்டு நிறுவனங்கள் விரும்பினாலும் மதுரைக்கு வர முடியாது. இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது. சுங்க, குடியேற்ற வசதி உள்ள எந்த இந்திய நிலையத்திலிருந்தும் அவை வெளிநாட்டுக்குப் பறக்கலாம். மதுரையிலிருந்து துபாய், சிங்கப்பூர், அபுதாபி சேவைகளை இந்திய நிறுவனங்களே தொடங்கியதற்குக் காரணம் இதுதான். இங்கு வரும் வெளிநாட்டு நிறுவனம் என்றால் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸைத்தான் சொல்ல வேண்டும்.

திருச்சிக்கு மட்டும் எப்படி?

2000களின் தொடக்கத்தில் ஆசியான் நாடுகளுக்கு இந்தியா ஒரு சலுகை கொடுத்தது. பெருநகரங்கள் போக, 18 ஊர்களுக்கு ஆசியான் நாட்டு நிறுவனங்கள் எத்தனை விமானம் வேண்டுமானாலும் இயக்கலாம் என்பதே அது. கயா, வாரணாசி, கஜுராஹோ, ஔரங்காபாத், கொச்சி, கோழிக்கோடு என்று நீளும் அந்தப் பட்டியலில் திருச்சி இருக்கிறது. மதுரை இல்லை.

அந்த ஒரு வரி திருச்சிக்கு என்ன செய்தது என்பதை அங்கு வரும் விமானங்களைப் பார்த்தாலே புரியும். ஏர் ஏசியா, பாத்திக் ஏர், ஸ்கூட், வியட்ஜெட் என்று தென்கிழக்காசிய நிறுவனங்கள் வரிசையாக வருகின்றன. கூட்டம் பெருகப் பெருக வசதியும் பெருகியது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டப்பட்ட புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2024 ஜனவரி 2ஆம் தேதி திறந்துவைத்தார். ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளக்கூடிய முனையம் அது.

கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர். மதுரை ஓடுபாதை 2,286 மீட்டர். வித்தியாசம் 200 மீட்டருக்கும் குறைவு. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற நடுத்தர விமானங்கள் இரண்டு ஊரிலும் இறங்குகின்றன, ஏறுகின்றன. வெயில் காலத்தில் முழு எடையோடு கிளம்ப முடியாமல் போகலாம், பெரிய விமானங்கள் வர முடியாது என்பதெல்லாம் சரிதான். ஆனால், கோலாலம்பூர் விமானம் திருச்சிக்கு வந்து மதுரைக்கு வராததற்கு இந்த 200 மீட்டரைக் காரணம் சொல்ல முடியாது.

பட்டம் கிடைத்தால் போதுமா?

'சர்வதேச விமான நிலையம்னு அறிவிச்சிட்டா எல்லாம் சரியாயிடும்' என்று நினைப்பவர்கள் கேரளத்தின் கண்ணூரைப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்குப் பெயரிலேயே 'சர்வதேச' இருக்கிறது. ஓடுபாதை 3,050 மீட்டர். கொரோனா காலத்தில் வளைகுடாவில் சிக்கியவர்களை ஏற்றிக்கொண்டு வெளிநாட்டு நிறுவனங்களின் பெரிய விமானங்களே அங்கு வந்து இறங்கின. சுற்றிலும் வளைகுடாவை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். இருந்தும் வழக்கமான சேவை நடத்த வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 'பாயின்ட் ஆஃப் கால்' பட்டியலில் கண்ணூர் இல்லை என்பதே காரணம்.

நீண்ட ஓடுபாதையும் பட்டமும் இருந்தும், ஒப்பந்தத்தில் பெயர் இல்லாததால் தவிக்கிறது கண்ணூர். மதுரைக்கான பாடம் இதில் இருக்கிறது.

மத்திய அரசு என்ன சொல்கிறது?

பெருநகரங்கள் அல்லாத ஊர்களைப் புதிய 'பாயின்ட் ஆஃப் கால்' ஆக வெளிநாட்டுப் பயணிகள் சேவைக்குத் தருவதில்லை என்பதே விமானப் போக்குவரத்து அமைச்சகம் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் நிலைப்பாடு. இந்தியா வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்த ஊர்கள் அதிகம், இந்திய நிறுவனங்களுக்குப் பதிலுக்குக் கிடைத்தவை குறைவு என்பது அதன் வாதம்.

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. துபாயுடனான ஏற்பாட்டில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கைகள் உண்டு. துபாய் என்பது ஒரே ஊர். இந்தியாவிலோ பல ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் போய், துபாயில் மாற்றி, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்புகின்றன வளைகுடா நிறுவனங்கள். அந்த நீண்ட தூரப் பயணிகளை இந்திய நிறுவனங்கள் இழக்கின்றன. டெல்லியும் மும்பையும் துபாய் மாதிரி பெரிய இணைப்பு மையங்களாக வளர வேண்டுமென்றால் கதவை முழுக்கத் திறந்துவிடக் கூடாது என்று அரசு நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், அந்த நியாயத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் பரமக்குடிக்காரர் நியூயார்க் போகும் பயணி அல்ல. அவருக்கு வேண்டியது ஊருக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் இடையே நேராக ஒரு விமானம். 'இந்திய நிறுவனங்கள் இயக்கலாமே' என்பது காகிதத்தில் சரியான பதில். நடைமுறையில் அவற்றிடம் இருக்கும் விமானங்களுக்குப் பெருநகர வழித்தடங்களில்தான் முதலிடம். 2023இல் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் நின்றுபோனது. என்ஜின் கோளாறுகளால் வேறு நிறுவனங்களின் விமானங்களும் தரையில் முடங்கின. அப்படிப்பட்ட நேரத்தில் மதுரை கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. இந்திய நிறுவனமும் வராது, வெளிநாட்டு நிறுவனத்துக்கும் அனுமதி இல்லை என்றால், காலியாக இருக்கும் வழித்தடத்தை யாருக்காகப் பாதுகாக்கிறது அரசு?

சின்ன உடைப்பு கேட்கும் கேள்வி

இந்த விவகாரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. மதுரை ஓடுபாதையைச் சுமார் 3,810 மீட்டராக நீட்டும் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேசப்படுகிறது. இதற்காக 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்படுகிறது. சுற்றுச்சாலை குறுக்கே வருவதால், மேலே ஓடுபாதை, கீழே வாகனங்கள் செல்ல சுரங்கப்பாதை என்று யோசனைகள் வந்தன. அந்த நிலத்தில் வயல்கள் மட்டும் இல்லை, வீடுகளும் இருக்கின்றன.

நிலையத்தை ஒட்டிய சின்ன உடைப்பு கிராம மக்கள் 2024 நவம்பரில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. விமான நிலையமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுக் காலி செய்யச் சொல்லாதீர்கள். மாநகராட்சி எல்லைக்குள் வீட்டு மனையும் வீடும் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள் என்பதுதான் அவர்களின் கோரிக்கை. ஊரைவிட்டுத் தள்ளிப்போனால் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் போய்விடும் என்ற பயம் அது.

பெரிய விமானங்கள் வரும், வெளிநாட்டு நிறுவனங்கள் வரும், மதுரை மல்லிகை உலகம் முழுக்கப் போகும் என்று சொல்லித்தான் இந்த நிலம் கேட்கப்படுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மல்லிகை வாடுவதற்குள் பறக்க வேண்டிய சரக்குதான். பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் இப்படிப்பட்ட சரக்குகள் பெரும்பாலும் போகும். ஆனால், பயணிகள் விமானத்துக்கே அனுமதி இல்லையென்றால் பூக்கூடை எதில் ஏறும்? வீட்டைக் கொடுத்த குடும்பம் பத்து வருடம் கழித்து, நீண்ட ஓடுபாதையையும் காலியான வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

என்ன செய்யலாம்?

முதலாவதாக, வரிசையைச் சரிசெய்ய வேண்டும். கட்டடம், ஓடுபாதை, பட்டம், கடைசியில் ஒப்பந்தம் என்று போவதில் அர்த்தமில்லை. ஒப்பந்தப் பேச்சும் ஓடுபாதைப் பணியும் சேர்ந்தே நகர வேண்டும்.

இரண்டாவதாக, கதவை முழுக்கத் திறக்காமலே மதுரைக்கு வழி விடலாம். ஒரு நாட்டுக்கு மதுரையிலிருந்து எந்த இந்திய நிறுவனமும் குறிப்பிட்ட காலத்துக்குள் நேரடி சேவை தொடங்கவில்லை என்றால், அந்த நாட்டு நிறுவனத்துக்கு வாரத்தில் சில விமானங்கள் மட்டும் அனுமதிக்கலாம். அதற்குரிய இருக்கைகளை ஏற்கெனவே உள்ள ஒதுக்கீட்டிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். மொத்த இருக்கை கூடாது. இந்திய நிறுவனங்களின் நலனும் பெரிதாகக் கெடாது. ஆசியான் பட்டியலில் மதுரையைச் சேர்ப்பது இன்னும் எளிது. அந்த நாடுகளுக்கு ஏற்கெனவே கொடுத்த சலுகையில் இன்னொரு ஊர் சேரும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக, நிலம் கொடுப்பவர்களின் மறுகுடியமர்வு ஓடுபாதைப் பணிக்கு முன்பே முடிய வேண்டும். மனை எங்கே, வீடு எப்போது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

மதுரை எம்.பி. சு.வெங்கடேசன், விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூர் உள்ளிட்டோர் இந்தப் பிரச்சினையைத் தொடர்ந்து எழுப்பியிருக்கிறார்கள். ஆனால், தேர்தல் மேடைகளில் அதிகம் கேட்பது நிலையத்துக்கு எந்தத் தலைவரின் பெயரை வைப்பது என்ற சண்டைதான். வாசலில் யார் பெயர் இருந்தாலும் சிவகங்கைக்காரர் திருச்சிக்கு வேன் பிடிப்பது நிற்காது. மதுரையின் பெயர் முதலில் எழுதப்பட வேண்டிய இடம் ஒப்பந்தம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "அண்ணே, அந்த லிஸ்ட்ல நம்ம ஊர் எப்போ வரும்?" என்று கேட்க வேண்டிய நேரம் இது.